அறுநூறு கிலோமீட்டர் ஆழமும் ஒரு வீட்டு மூலையும்

2013 மே 24ஆம் தேதி ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், ஓக்கோட்ஸ்க் கடலுக்கு அடியில் ஒரு நிலநடுக்கம். அளவு 8.3. அந்த எண்ணைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் அன்று ஊர்கள் தரைமட்டமாகவில்லை, கடல் பொங்கி வரவில்லை. நடந்தது வேறு ஒரு விசித்திரம். ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் மாஸ்கோவில், உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் ஆட்டத்தை உணர்ந்தார்கள். சிலர் படியிறங்கி வந்து தெருவில் நின்றார்கள்.

பக்கத்தில் இருப்பவனை விட்டுவிட்டு, ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவனைப் பயமுறுத்துவது என்ன மாதிரி நிலநடுக்கம்? விடை ஒரே சொல்லில் இருக்கிறது: ஆழம். அந்த நடுக்கம் பிறந்த இடம் தரைக்குக் கீழே சுமார் 600 கிலோமீட்டர். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் நேர்கோட்டில் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தை அப்படியே செங்குத்தாகக் கீழே இறக்கிப் பாருங்கள். அங்கே இருந்து கிளம்பிய அலை அது.

இந்த ஆழ்நடுக்கங்களைப் பற்றிப் பேசும்போது, அவற்றை வீட்டிலேயே கருவி வைத்துப் பதிவு செய்யும் அமெச்சூர்களைப் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. "அரசாங்கங்களிடம்தான் அத்தனை பெரிய நிலையங்கள் இருக்கின்றனவே, வீட்டு மூலையில் ஒருவர் எதற்கு இதைச் செய்யவேண்டும்? வெறும் பொழுதுபோக்குத்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. பொழுதுபோக்கு என்பது சரி. 'வெறும்' என்பதுதான் தவறு. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

கீழே என்ன நடக்கிறது?

விஞ்ஞானிகள் நிலநடுக்கத்தை ஆழத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். 70 கிலோமீட்டர் வரை மேல்மட்ட நடுக்கம். 70 முதல் 300 வரை இடைமட்டம். 300க்குக் கீழே ஆழ்நடுக்கம். சுமார் 700 கிலோமீட்டரோடு எல்லாம் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே பூமியில் நிலநடுக்கம் என்பதே ஏறக்குறைய கிடையாது.

மனிதன் தோண்டியதிலேயே மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. பல வருடம் பாடுபட்டு 1989ல் எட்டிய ஆழம் 12 கிலோமீட்டரும் கொஞ்சமும். ஆக 600 கிலோமீட்டர் ஆழத்துக்கு யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. அங்கிருந்து வரும் அலைதான் ஒரே சாட்சி.

அந்தச் சாட்சி சொல்லும் விஷயம்தான் குழப்பம். 600 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல். வெப்பமும் ஆயிரம் டிகிரிக் கணக்கில். பட்டறையில் காய்ச்சிய இரும்பு உடையாமல் வளைகிறதே, அதுபோல அங்கே பாறையும் மெதுவாக வளைந்து நெளிந்துதான் கொடுக்கவேண்டும். சட்டென்று உடையக்கூடாது. ஆனால் ஏதோ ஒன்று சட்டென்று நடக்கிறது. அதுவும் 8க்கு மேற்பட்ட அளவில்.

இப்போது இருக்கும் விளக்கங்கள் எல்லாம் ஒரு இடத்தில் சேர்கின்றன. கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்குக் கீழே சரிந்து உள்ளே இறங்கும்போது, அது சுற்றியுள்ள பாறையை விடக் குளிர்ச்சியாகவே இருக்கிறது. பசிபிக் தட்டு டோங்கா பக்கம் மிக வேகமாக இறங்குகிறது. அதனால்தான் உலகின் ஆழ்நடுக்கங்களில் பெரும்பகுதி ஃபிஜி, டோங்கா பகுதியிலேயே நடக்கின்றன. ஜப்பானுக்குத் தெற்கே போனின் தீவுகள், ஓக்கோட்ஸ்க் கடல், இந்தோனேஷியாவின் ஃப்ளோரஸ் கடல், தென் அமெரிக்காவில் பொலிவியா, பெரு, பிரேசில் எல்லைப் பகுதி ஆகியவை மற்ற இடங்கள்.

இப்படி இறங்கும் குளிர்ந்த பாறையில் ஆலிவின் என்ற கனிமம் நிறைய. சுமார் 410 கிலோமீட்டர் ஆழத்தில் அது இன்னும் நெருக்கமான வேறொரு படிக வடிவத்துக்கு மாறவேண்டும். பாறை குளிர்ச்சியாக இருப்பதால் மாறாமல் தாமதித்து, பிறகு ஓரிடத்தில் திடீரென்று மாறி, அந்தத் தளத்தில் வழுக்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். 1989ல் ஆய்வகத்தில் ஆலிவின் போன்ற ஒரு பொருளை அழுத்திப் பார்த்து இப்படி நடக்க முடியும் என்று காட்டினார்கள். வழுக்கும் இடத்தில் வெப்பம் பெருகி, அந்த வெப்பமே இன்னும் வழுக்க வைக்கிறது என்பது இன்னொரு விளக்கம். கனிமங்களுக்குள் இருக்கும் நீர் வெளியேறுவது மூன்றாவது. இது இடைமட்ட நடுக்கத்துக்கே அதிகம் பொருந்தும் என்கிறார்கள். எது சரி, எவ்வளவு சரி என்ற விவாதம் முடியவில்லை. பாடப்புத்தகத்தில் மூடி முத்திரை வைத்த விஷயம் இல்லை இது. அமெச்சூர் பதிவுக்குக் கிடைக்கும் முதல் மரியாதையும் இதுதான். அவர் பதிவு செய்வது இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வியை.

அடகுக்கடைக்காரரும் வானியல் பேராசிரியரும்

ஆழ்நடுக்கம் என்று ஒன்று இருக்கிறது என்பதே நூறு வருடத்துக்கு முன்னால் தெரியாது. அது தெரியவந்த கதையைப் பார்த்தால், 'அமெச்சூருக்கு இங்கே என்ன வேலை' என்ற கேள்வி தானாக அடங்கிவிடும்.

ஜான் மில்ன் என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு 1895ல் இங்கிலாந்து திரும்பினார். வைட் தீவில் ஷைட் என்ற இடத்தில் தன் வீட்டிலேயே கருவியை வைத்தார். அதே மாதிரிக் கருவிகள் உலகின் பல மூலைகளுக்குப் போயின. கொடைக்கானல் வானாய்வகத்திலும் ஒன்று இருந்தது. எல்லா இடத்திலிருந்தும் குறிப்புகள் தபாலில் அந்த வீட்டுக்கு வரும். ஒரு வீடுதான் அன்று உலக நிலநடுக்க மையம்!

மில்ன் கருவியில் ஒரு குறை இருந்தது. ஒருமுறை ஆட ஆரம்பித்தால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். முதல் அலையின் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த அலை வந்துவிட்டால் இரண்டும் கலந்துவிடும். இதைச் சரிசெய்து, காந்தத்தால் ஆட்டத்தை அடக்கும் நல்ல கருவியைச் செய்தவர் ஜே. ஜே. ஷா. வெஸ்ட் ப்ராம்விச் என்ற ஊரில் அவருடைய தொழில் என்ன தெரியுமா? அடகுக்கடை. பகலில் நகையும் கடிகாரமும் அடகு பிடித்தவர் செய்த மில்ன்-ஷா கருவி பிறகு பல நாட்டு ஆய்வகங்களில் உட்கார்ந்தது. "வணிகவியல் படிக்கிறவனுக்கு நிலநடுக்கத்தில் என்ன வேலை?" என்று கேட்கும் வகுப்புத் தோழர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

மில்ன் 1913ல் இறந்தபின் அந்தக் குறிப்புகளைத் தொகுக்கும் வேலையை எடுத்துக்கொண்டவர் ஆக்ஸ்ஃபோர்டின் ஹெர்பர்ட் டர்னர். அவர் வானியல் பேராசிரியர்! உலகம் முழுதும் இருந்து வந்த நேரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது சில நடுக்கங்களின் அலைகள் கணக்குக்கு ஒத்துவரவில்லை. தூரத்து நிலையங்களுக்கு எதிர்பார்த்ததை விட முன்னதாகவே வந்தன. 1922ல் அவர், இவை மிக ஆழத்தில் பிறந்தவையாக இருக்கலாம் என்று எழுதினார். பலர் நம்பவில்லை. அவருடைய கணக்குப்படி சில நடுக்கங்கள் வழக்கத்தை விட மிக உயரத்தில் நடந்திருக்கவேண்டும் என்றும் வந்ததால், சந்தேகப்பட்டவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

சந்தேகத்தைத் தீர்த்து வைத்தவர் ஜப்பானின் கியோ வாடாட்டி, 1928ல். அவருடைய வழி ரொம்ப எளிமை. நிலநடுக்கத்தில் முதலில் வருவது பி அலை, பின்னால் வருவது எஸ் அலை. இடி மின்னல் மாதிரி, இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு தூரத்தில் நடுக்கம். மேல்மட்ட நடுக்கம் என்றால் அதற்கு நேர் மேலே இருக்கும் நிலையத்தில் இடைவெளி மிகக் குறைவாக இருக்கவேண்டும். சில நடுக்கங்களில், மிக அருகில் இருந்த நிலையத்தில்கூட இடைவெளி மிக அதிகமாக இருந்தது. பக்கவாட்டில் எங்கே நகர்ந்தாலும் அந்த இடைவெளி குறையவில்லை. அப்படியானால் தூரம் கீழ் நோக்கித்தான் இருக்கவேண்டும்! விஷயம் முடிந்தது.

இந்த வரிசையில் ஒரு அடகுக்கடைக்காரர், ஒரு வானியல்காரர், ஒரு தபால் வழிக் குழு. பொலிவியாவின் லா பாஸில் சான் கலிக்ஸ்டோ ஆய்வகத்தை 1913ல் இருந்து நடத்தியவர்கள் யேசுசபைப் பாதிரியார்கள். நிலநடுக்கவியல் என்ற துறை பிறந்ததே இப்படிப்பட்ட கலவையான ஆட்களின் கையில்தான். பட்டம் வாங்கியவர் மட்டும் தொடலாம் என்று யாரும் அன்று வேலி போடவில்லை. வேலி போட்டிருந்தால் ஆழ்நடுக்கம் தெரியவர இன்னும் எத்தனை வருடம் ஆகியிருக்குமோ!

வீட்டுக் கருவி எப்படி இருக்கும்?

1979 ஜூலையில் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையின் அமெச்சூர் பகுதியில் லேமன் என்பவரின் கருவியைப் பற்றிக் கட்டுரை வந்தது. அதைப் படித்துக் கருவி செய்தவர்கள் ஏராளம். அமைப்பைச் சொல்லவேண்டுமென்றால் வீட்டு வாசல் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேட் கொஞ்சம் சாய்ந்து மாட்டியிருந்தால் தானாக ஓரிடத்துக்கு வந்து நிற்கும். லேசாகத் தள்ளினால் மிக மெதுவாக ஆடித் திரும்பும். லேமன் கருவியும் அதுதான். ஒரு நீளமான கம்பி, அதன் நுனியில் எடை, நுனியைத் தாங்க மேலிருந்து ஒரு மெல்லிய கம்பி. நிலம் நகரும்போது எடை நகராமல் அப்படியே நிற்கப் பார்க்கும். கம்பியோடு சேர்ந்த காந்தத்துக்கும் தரையில் நிற்கும் செப்புக் கம்பிச் சுருளுக்கும் இடையே ஏற்படும் சிறு அசைவு மின்சாரமாக மாறும். அதைப் பெருக்கிக் கணினிக்குக் கொடுத்தால் திரையில் கோடு ஓடும்.

படிக்கச் சுலபம், செய்யும்போதுதான் தெரியும். சாய்வு இம்மி மாறினாலும் ஆடும் காலம் மாறிவிடும். அறையில் சூடு ஏறி இறங்கினால் கோடு நகர்ந்துகொண்டே போகும். காற்று பட்டால் போச்சு, அதனால் பெட்டி போட்டு மூடவேண்டும். ஆட்டத்தை அடக்க எண்ணெயில் ஒரு தகடோ, காந்தத்துக்கு நடுவே ஒரு செப்புத் தகடோ வேண்டும். ஷா செய்த அதே வேலை! மாடியில் வைத்தால் யார் நடந்தாலும் பதிவாகும். தரைத் தளத்தில், சிமென்ட் தளத்தின் மேல், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையே உத்தமம்.

பிறகு வந்த கருவிகள் இன்னும் எளிமை. படியில் தானாக இறங்கி வருமே ஸ்லிங்கி என்ற சுருள் பொம்மை, அதைக் குழாய்க்குள் தொங்கவிட்டு, கீழே காந்தம் மாட்டிச் செய்த கருவி அமெரிக்கப் பள்ளிகளில் பரவியது. பொம்மைக் கடைச் சாமான்தான், ஆனால் உலகின் அந்தக் கோடியில் நடக்கும் 7 அளவு நடுக்கத்தைப் பிடிக்கும். 1990களில் கலிஃபோர்னியாவில் பப்ளிக் சீஸ்மிக் நெட்வொர்க் என்ற பெயரில் அமெச்சூர்கள் ஒன்றுசேர்ந்து பதிவுகளைப் பரிமாறிக்கொண்டார்கள். 2016ல் பனாமாவைச் சேர்ந்த ஒரு குழு, உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினியின் மேல் ஒரு ஜியோஃபோனைப் பொருத்தி ராஸ்பெர்ரி ஷேக் என்று வெளியிட்டது. விலை சில நூறு டாலர். விநாடிக்கு 100 முறை அளந்து, இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி அனுப்பும்.

இந்த மலிவான கருவிகளுக்கும் ஆழ்நடுக்கத்துக்கும் ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. தூரத்தில் நடக்கும் மேல்மட்ட நடுக்கத்தில் மிகப் பெரிதாக வருவது தரையோடு உருண்டு வரும் மேற்பரப்பு அலை. ஒரு ஆட்டத்துக்கு 20 விநாடி எடுக்கும் அந்தச் சோம்பேறி அலையைப் பிடிப்பது ஜியோஃபோனுக்குக் கஷ்டம். ஆழ்நடுக்கத்தில் அந்த அலை கிட்டத்தட்ட இல்லை. பதிலுக்கு பி அலை கூர்மையாக, விநாடிக்கு ஒன்றிரண்டு ஆட்டமாக வருகிறது. பூமியின் மேலடுக்குகள்தான் வேகமான ஆட்டங்களைத் தின்றுவிடும் பகுதி. மேலே பிறந்த அலை அதை இரண்டு முறை கடக்கவேண்டும், ஒருமுறை இறங்கும்போது, ஒருமுறை ஏறும்போது. ஆழத்தில் பிறந்த அலை ஒரே முறை கடந்தால் போதும். அதனால்தான் ஃபிஜிக்குக் கீழே நடப்பது உலகின் வேறொரு கோடியில் ஒரு சின்ன டப்பாவில் பளிச்சென்று விழுகிறது.

இதில் உண்மையிலேயே சிலிர்க்க வைக்கும் விஷயம், ஆழத்தையே ஒருவர் தன் ஒரே கருவியை வைத்து மதிப்பிட முடியும் என்பது. நடுக்கத்திலிருந்து ஒரு அலை நேரே கிளம்பி வருகிறது. இன்னொன்று முதலில் மேலே போய், தரையில் முட்டித் திரும்பி, பிறகு அதே வழியாக வருகிறது. கிணற்றுக்குள் கத்தினால் வரும் எதிரொலி மாதிரி. இந்த இரண்டாவது அலைக்கு 'சின்ன பி பெரிய பி' என்று பெயர். 30 கிலோமீட்டர் ஆழம் என்றால் இரண்டும் பத்து விநாடிக்குள் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். 600 கிலோமீட்டர் என்றால் இடைவெளி சுமார் இரண்டு நிமிடம்! ஒரு கடிகாரம் போதும். பேரேட்டில் ஒரே வரவு செலவு இரண்டு இடத்தில் பதிவாகும், இரண்டையும் ஒப்பிட்டால்தான் கணக்கு நேராகும் என்று முதல் வருடத்தில் சொல்லித் தருவார்களே, பூமியும் அதே முறையில்தான் எழுதுகிறது.

எதிர்க்கேள்விகள்

முதல் கேள்வி: பெரிய நிலையங்கள் இருக்க இது எதற்கு? நியாயமான கேள்வி. ஓக்கோட்ஸ்க் நடுக்கத்தின் ஆழமும் அளவும் எந்த அமெச்சூரும் இல்லாமலே துல்லியமாகக் கணக்கிடப்பட்டிருக்கும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் பெரிய நிலையம் எல்லா இடத்திலும் இல்லை, இருக்கும் இடத்தில் எப்போதும் ஓடுவதும் இல்லை. 2021 ஆகஸ்ட் 14ல் ஹைட்டியில் 7.2 அளவு நடுக்கம். இரண்டாயிரம் பேருக்கு மேல் பலி. அது மேல்மட்ட நடுக்கம்தான், ஆனால் இங்கே சொல்ல வேண்டியது அதன் பதிவைப் பற்றி. நாட்டின் வழக்கமான நிலையங்கள் சரிவர இயங்காத நேரத்தில், சாதாரண மக்கள் தங்கள் வீடுகளில் வைத்திருந்த ராஸ்பெர்ரி ஷேக் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. பின்னதிர்வுகள் எங்கே நடக்கின்றன என்று கண்டுபிடிக்க அந்தப் பதிவுகள் உதவின. 2022ல் சயின்ஸ் பத்திரிகையில் அது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. 2020ல் கொரோனா ஊரடங்கின்போது மனிதச் சத்தம் அடங்கி பூமி அமைதியானதை அளந்த உலகளாவிய ஆய்விலும் வீட்டுக் கருவிகளின் பதிவுகள் சேர்ந்தே இருந்தன.

இரண்டாவது: அமெச்சூர் பதிவில் பிழை அதிகம். உண்மை. அதிலும் மோசமான பிழை நேரம். கணினிக் கடிகாரம் ஐந்து விநாடி தப்பாக ஓடினால் அந்தப் பதிவால் யாருக்கும் பயனில்லை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும். ஜிபிஎஸ் அல்லது இணைய நேரத்தோடு கடிகாரத்தைப் பொருத்துவது, கருவி எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதி வைப்பது, எதையாவது மாற்றினால் தேதியோடு குறித்து வைப்பது... இவ்வளவு செய்தால் வீட்டுப் பதிவும் மதிப்புள்ள பதிவு. செய்யாவிட்டால் சுவரில் மாட்டும் படம். இந்த ஒழுங்குக்கு இயற்பியல் பட்டம் வேண்டியதில்லை. ஒரு நல்ல கணக்குப்பிள்ளையின் குணம் போதும்.

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். கருவி வாங்கிய சிலர் கொஞ்ச நாளில் ஜோசியம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். "ஃபிஜியில் ஆழத்தில் ஆடிவிட்டது, இன்னும் பத்து நாளில் இன்ன இடத்தில் மேலே ஆடும்" என்று. உலகில் ஏதாவது ஒரு மூலையில் தினமும் நிலம் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. பத்து நாள் என்று சொன்னால் ஏதாவது ஒன்று பலிக்கத்தான் செய்யும். இன்ன தேதியில் இன்ன இடத்தில் என்று நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் முறை இன்றுவரை யாரிடமும் இல்லை. நடந்ததை நேர்மையாகப் பதிவு செய்பவர் அமெச்சூர் விஞ்ஞானி. நடக்கப்போவதைச் சொல்லிக் கூட்டம் சேர்ப்பவர் வேறு ரகம். இரண்டு பேரிடமும் ஒரே கருவி இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அமெச்சூர்களின் பெயரைக் கெடுப்பது வெளியில் இருக்கும் ஏளனத்தை விட உள்ளே இருக்கும் இந்த ஜோசியம்தான்.

ஆழம் சொல்லாத செய்தி

ஆழத்தைப் படிக்கத் தெரிவது வெறும் அறிவு விளையாட்டு இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் 'இந்தோனேஷியாவில் நிலநடுக்கம்' என்ற வரியைச் சாதாரணமாகப் படிக்கக்கூடியவர் யாரும் இல்லை. அன்று ஆடியது 9.1 அளவு, ஆழம் சுமார் 30 கிலோமீட்டர். கடலடித் தரையையே தூக்கிப் போட்டது. 1996 ஜூன் 17ல் அதே இந்தோனேஷியாவின் ஃப்ளோரஸ் கடலுக்கு அடியில் ஆடியது 7.9. ஆனால் ஆழம் சுமார் 590 கிலோமீட்டர். அவ்வளவு கீழே நடப்பது கடலடித் தரையை சுனாமி எழும்பும் அளவுக்குத் தூக்குவதில்லை. இரண்டும் 'இந்தோனேஷியாவில் பெரிய நிலநடுக்கம்' தான். ஆனால் ஒன்றைக் கேட்டால் ஓடவேண்டும், இன்னொன்றைக் கேட்டால் ஓட வேண்டியதில்லை.

இந்த வித்தியாசத்தைச் சொல்லும் எண் செய்தியில் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. முதல் வரி முழுக்க 'ரிக்டர் அளவுகோலில்' என்று அளவு மட்டும். அளவையும் ஆழத்தையும் சேர்த்தே எழுதவேண்டும் என்பதைப் பத்திரிகைகள் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். கூடுதலாக ஒரு எண், அவ்வளவுதான்.

இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஆழம் என்றாலே ஆபத்தில்லை என்று எடுத்துக்கொண்டால் அது இன்னும் பெரிய தவறு. 1977 மார்ச் 4ல் ருமேனியாவின் வ்ராஞ்சாவில் ஆடியது 90 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில். புக்கரெஸ்ட் நகரில் கட்டடங்கள் சரிந்து, நாடு முழுதும் 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். 2015 அக்டோபரில் இந்துகுஷ் மலையில் 200 கிலோமீட்டருக்கும் கீழே 7.5 அளவில் ஆடியபோது ஆஃப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் நூற்றுக்கணக்கானோர் பலியானார்கள். டெல்லி வரை ஆட்டம் தெரிந்தது. அதே 2015 மே 30ல் போனின் தீவுகளுக்குக் கீழே 660 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஆடியபோது, ஜப்பானின் 47 மாகாணங்களிலும் அதிர்வு பதிவானது. டோக்கியோவில் லிஃப்டுகள் நின்றன. சேதம் மிகக் குறைவு. ஆக 100, 200, 600 என்ற எண்களுக்கு இடையே வாழ்வும் சாவும் இருக்கிறது. இதை விளக்கிச் சொல்ல ஊருக்கு ஒருவராவது இருந்தால் வதந்தி அவ்வளவு சுலபமாக ஓடாது. அலையைத் தன் கண்ணால் பார்த்துப் பழகியவர் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் நம்புவார்.

தமிழ்நாட்டிலிருந்து முடியுமா? தாராளமாக. ஃப்ளோரஸ் கடல் சென்னையிலிருந்து சுமார் 5,000 கிலோமீட்டர். அங்கே ஆழத்தில் கிளம்பும் பி அலை எட்டு நிமிடத்துக்குள் இங்கே வந்துவிடும். கடற்கரை ஊர்களில் அலைகள் தரையில் மோதும் ஓயாத இரைச்சல் ஒரு தொல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாறைப் பாங்கான இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபிஜி கொஞ்சம் கஷ்டம். சென்னையிலிருந்து அது பூமி உருண்டையில் சுமார் 105 டிகிரி தள்ளி இருக்கிறது. பூமியின் திரவக் கரு நேர் அலையை மறைக்கும் நிழல் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அங்கே ஆடும்போது இங்கே அலை மங்கி வருவதைப் பார்ப்பதே ஒரு பாடம். பூமிக்குள் ஒரு கரு இருக்கிறது என்று புத்தகத்தில் படிப்பது வேறு, அதன் நிழலில் உட்கார்ந்து பார்ப்பது வேறு.

ஒரு கல்லூரி ஒரு கருத்தரங்கத்துக்கு அடிக்கும் பேனர், சால்வை, நினைவுப் பரிசு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு ஸ்லிங்கிக் கருவி அதில் ஒரு மூலைக்கு வராது. இயற்பியல் துறை செய்யட்டும் என்று மற்றவர்கள் காத்திருக்கவும் வேண்டாம். கருவியைச் செய்ய இரண்டு பேர், கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் பார்த்துக்கொள்ள இரண்டு பேர், எந்தத் துறையாக இருந்தால் என்ன? முதல் ஒரு மாதம் பதிவாவது முழுக்கப் பேருந்தும் தண்ணீர் மோட்டாரும்தான். சலித்துப்போய் நிறுத்தாமல் இருந்தால், ஏதோ ஒரு நாள் விடியற்காலை கோடு ஒருமுறை துடிக்கும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை துடிக்கும். அந்த இரண்டு நிமிடத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த நாலு பேருக்கும் தெரிந்திருக்கும்.